லௌத் கவுன்டியின் பழைய மடங்கள்: பெயர்ப்பலகையை விட்டுவிட்டுக் கல்லைப் பார்ப்பது

உங்கள் கேள்வி மூன்றாகப் பிரிகிறது. அயர்லாந்தின் லௌத் கவுன்டியில் வரைபடத்தைத் திறந்தால் ‘அபே’, ‘ஃப்ரையரி’, ‘பிரையரி’ என்று ஏகப்பட்ட பெயர்கள் வருகின்றனவே, இவையெல்லாம் ஒன்றுதானா? இடிந்த சுவரைப் பார்த்து எந்தச் சபையின் மடம் என்று கண்டுபிடிக்க முடியுமா? இரண்டு நாள் மட்டும் இருந்தால் எவற்றைப் பார்ப்பது?

ஒன்றல்ல. ‘அபே’ என்பது மடாதிபதியின் கீழ் இயங்கும் மடம், ‘பிரையரி’ அதற்கு அடுத்த நிலைத் தலைவரின் கீழ் இயங்குவது, ‘ஃப்ரையரி’ இரந்துண்ணும் துறவிகளுடையது. ஆனால் பெயர்ப்பலகையை வைத்து வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள முடியாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அங்கே பழைய மதில் எதைக் கண்டாலும் ‘அபே’ என்று சொல்லிவிடுகிறார்கள். ட்ரோஹெடா நகரத்தில் ‘ஓல்டு அபே’ என்று அழைக்கப்படும் இடிபாடு, தொடங்கிய காலத்தில் ஒரு மருத்துவ விடுதி. டன்டாக்கில் ‘சீடவுன் காசில்’ என்று பெயர் சூட்டப்பட்ட கோபுரம் கோட்டையே இல்லை. இரந்துண்ணும் சபைகளில் ஒன்றான பிரான்சிஸ்கன் துறவிகளின் மணிக்கூண்டு. தமிழிலும் நமக்கு இதே சங்கடம் உண்டு. எல்லாவற்றுக்கும் ‘மடம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு, கட்டடம் எந்த வேலைக்காக எழுந்தது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் தரையிலேயே இருக்கும்.

லௌத், அயர்லாந்தின் மிகச் சிறிய கவுன்டி. தெற்கு எல்லையில் பாயின் ஆறு, வடக்கே கார்லிங்ஃபோர்டு மலை, கிழக்கே கடல். இந்தச் சின்னப் பரப்பில் மூன்று வகைத் துறவு வாழ்க்கை அடுத்தடுத்து வந்து படிந்திருக்கிறது. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கிய பழைய ஐரிஷ் மடங்கள் முதல் வகை. 12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து விதிமுறையோடு வந்த சபைகள் இரண்டாவது. 13-ஆம் நூற்றாண்டில் நகரங்களுக்குள் வந்து குடியேறிய, இரந்துண்ணும் துறவிகள் மூன்றாவது.

முதல் வகைக்கு மொனாஸ்டர்பாய்ஸை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஐரிஷ் பெயர் மானிஸ்டிர் பூட்டே, அதாவது பூட்டேயின் மடம். 521-ல் இறந்ததாகச் சொல்லப்படும் புனித பூட்டே தொடங்கியது. இன்று அங்கே போகிறவர் ஒரு கல்லறைத் தோட்டத்தைத்தான் பார்ப்பார்: ஓர் உருளைக் கோபுரம், இரண்டு சிறிய இடிந்த ஆலயங்கள், மூன்று சிலுவைகள். ‘மடம் எங்கே?’ என்று தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு. பழைய ஐரிஷ் மடத்துக்கு நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த உள்முற்றம் கிடையாது. வட்டமாக ஒரு மண் வரப்பு அல்லது மதில். அதற்குள் சிறிய ஆலயங்கள். அவற்றைச் சுற்றி மரத்தாலும் மண்ணாலும் ஆன குடிசைகள், பட்டறைகள். மரம் மட்கிப் போய்விட்டது, கல் மட்டும் நின்றது. நிற்கிற இரண்டு ஆலயங்களும்கூட மடத்தின் சிறப்புக் காலம் முடிந்த பிறகு எழுந்தவை.

உருளைக் கோபுரத்தின் ஐரிஷ் பெயர் ‘க்ளிக்டாக்’. ‘மணி வீடு’ என்று பொருள். வைக்கிங் கொள்ளையருக்குப் பயந்து ஒளியக் கட்டினார்கள், அதனால்தான் வாசல் உயரத்தில் இருக்கிறது என்ற விளக்கத்தை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அதை அப்படியே விழுங்காதீர்கள். இந்தக் கோபுரங்களின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமற்றது. தரைமட்டத்தில் வாசலுக்காகச் சுவரை வெட்டினால், மேலே உள்ள முழு எடையும் பலவீனமான அந்த இடத்தில் இறங்கும். வாசலை உயர்த்தினால் அடிப்பகுதி முழு வளையமாக, கெட்டியாக நிற்கும். ஒளிவதற்கு அது எவ்வளவு மோசமான இடம் என்பதற்கு மொனாஸ்டர்பாய்ஸே சாட்சி. உள்ளே மரத் தளங்கள், மர ஏணிகள், மேலே சாளரங்கள். கீழே தீ வைத்தால் மொத்தக் கோபுரமும் புகைபோக்கியாக மாறிவிடும். 1097-ல் இந்தக் கோபுரம் எரிந்தது என்றும், உள்ளே இருந்த நூல்களும் அரும்பொருள்களும் அழிந்தன என்றும் ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் பதிவு செய்கின்றன. 1056-ல் இறந்த வரலாற்றுப் புலவர் ஃப்ளான் மானிஸ்ட்ரெக் ஆசிரியராக இருந்த மடம் இது. அந்த நூலகம் பிழைத்திருந்தால் அயர்லாந்தின் பழங்காலம் பற்றி இன்னும் நிறையத் தெரிந்திருக்கும். கோபுரத்தின் கூம்புக் கூரை இப்போது இல்லை. கூரை இல்லாமலே சுமார் 28 மீட்டர்.

ஆனால் அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டியது சிலுவைகளிடம். முயிரெடாக் சிலுவை ஏறத்தாழ 5.5 மீட்டர், மணற்கல். மேற்கு முகத்தின் அடியில் இரண்டு பூனைகள் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சுற்றி உள்ள எழுத்துகள், ‘இச்சிலுவையைச் செய்வித்த முயிரெடாக்குக்காக ஒரு ஜெபம்’ என்று கேட்கின்றன. 923-ஐ ஒட்டி இறந்த மடாதிபதி முயிரெடாக் இவரே என்று பெரும்பாலும் கொள்கிறார்கள். நடுத்தண்டு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி இருக்கும். கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்குகிறவர்கள் கதையின் முடிவிலிருந்து தொடங்குகிறார்கள். கிழக்கு முகத்தில் அடியில் ஆதாமும் ஏவாளும், அதே கட்டத்தில் காயீனும் ஆபேலும். அதற்கு மேலே தாவீதும் கோலியாத்தும். பிறகு பாறையிலிருந்து நீர் வரவழைக்கும் மோசே. பிறகு ஞானிகள் குழந்தையை வணங்குவது. வட்டத்தின் நடுவே இறுதித் தீர்ப்பு. மீட்கப்பட்டவர்கள் கிறிஸ்துவை நோக்கி நிற்க, தண்டிக்கப்பட்டவர்கள் முதுகைக் காட்டிப் போகிறார்கள். பின்னாலிருந்து ஒரு பேய் கவைக்கோலால் தள்ளுகிறது. சற்றுக் கீழே மிக்கேல் ஆன்மாவைத் தராசில் நிறுக்க, தரையில் மல்லாந்து கிடக்கும் இன்னொரு பேய் தட்டைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. செதுக்கியவருக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது.

மேற்கு முகத்தின் நடுவில் சிலுவைப்பாடு. அதன் கீழே வரும் கட்டங்களில் தோமையாரின் ஐயமும், பேதுருவுக்குத் திறவுகோலும் பவுலுக்கு நூலும் வழங்குவதும் உள்ளன. பலர் இரண்டு முகத்தையும் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குறுக்குக் கையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். வடபுறக் கையின் கீழே ஒரு கை, கடவுளின் வலக்கரம், விரிந்திருக்கும். உச்சியில் தனிக் கல்லாக ஒரு சின்ன வீட்டின் வடிவம். புனிதர்களின் எலும்பு வைக்கும் பேழைகளும் அந்தக் காலத்தில் இதே வடிவில்தான் செய்யப்பட்டன.

இங்கே நேரும் தவறு வெளிச்சத்தைப் பற்றியது. உச்சிவெயிலிலோ மேகமூட்டத்திலோ போனால் புடைப்புச் சிற்பம் தட்டையாகத் தெரியும், ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று தோன்றும். கிழக்கு முகத்துக்குக் காலை, மேற்கு முகத்துக்குப் பிற்பகல். வெயில் பக்கவாட்டில் உரசிப் போகும்போதுதான் உருவங்கள் எழும். மேகமாக இருந்தால் ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து, ஏறக்குறைய கல்லை ஒட்டினாற்போலப் பிடித்து அடித்தால் போதும். சாக்கட்டியால் கோடுகளை நிரப்புவது, தாளை வைத்துத் தேய்ப்பது இரண்டும் கூடாது. மணற்கல்லின் மேல்தோல் பொரிந்து போகும்.

பக்கத்தில் நிற்கும் மேற்குச் சிலுவை ஏறத்தாழ 7 மீட்டர். அயர்லாந்தின் பழைய சிலுவைகளில் மிக உயரமானது. ஆனால் தண்டு மிகவும் தேய்ந்துவிட்டது. முயிரெடாக் சிலுவையை முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்கிவிட்டு இதனிடம் வந்தால்தான் காட்சிகள் பிடிபடும். தோட்டத்தில் ஒரு பழைய சூரியக் கடிகாரக் கல்லும் இருக்கிறது. வழிபாட்டு வேளைகளைக் கணக்கிட வைத்தது.

இதே பழைய வகையில் இன்னும் சில இடங்கள் கவுன்டி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ட்ரொமிஸ்கினில் சுமார் 15 மீட்டருக்குக் குறைந்துபோன ஒரு உருளைக் கோபுரம். மேல்பகுதி போய், பிற்காலத்தில் கூம்புத் தொப்பி வைத்து மணிக்கூண்டாகப் பயன்படுத்தினார்கள். அதன் குட்டையான உருவத்தைப் பார்த்து அதுதான் மூல வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தின் உயர் அரசர் ஏய்து ஃபின்லியா 879-ல் இந்த ஊரில்தான் இறந்தார். டெர்மன்ஃபெக்கினில் ஒரு நல்ல சிலுவை. ஊர்ப்பெயரின் முற்பகுதியான ‘டெர்மன்’, அடைக்கலம் தரும் கோயில் நிலத்தைக் குறிக்கும் சொல். டன்டாக்குக்கு வடக்கே உள்ள ஃபாகர்ட், புனித பிரிஜித் பிறந்த இடம் என்ற மரபுக்குரியது. 1318-ல் நடந்த போரில் இறந்த, ஸ்காட்லாந்து அரசரின் தம்பி எட்வர்டு புரூஸின் கல்லறையும் அங்கே காட்டப்படுகிறது. கட்டடம் என்று பார்க்க அங்கே அதிகமில்லை. ஆனால் பிரிஜித் திருநாளுக்காக 2023 முதல் அயர்லாந்தில் அரசு விடுமுறை விடுவதால், பிப்ரவரித் தொடக்கத்தில் கூட்டம் இருக்கும்.

கவுன்டிக்கே பெயர் கொடுத்த லௌத் கிராமத்தில் ‘மொக்டாவின் வீடு’ என்று ஒரு சிறிய கல் ஆலயம் உள்ளது. புனித மொக்டா, அயர்லாந்தில் கிறித்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக்கின் சீடராகக் கருதப்படுபவர். அவர் களைப்பாறுவதற்காக ஒரே இரவில் எழுந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். கட்டடம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூரையும் கல்தான். செங்குத்தான கற்கூரையில் ஒரு சிக்கல் உண்டு: இரண்டு சரிவும் நீளமாகப் போகும்போது நடுவில் உள்ளே தொய்ந்து விழப்பார்க்கும். அதைத் தடுக்க, கூரைக்குக் கீழே கல் வளைவு ஒன்றைக் கட்டி, சரிவுகளுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுத்தார்கள். வளைவுக்கும் கூரைக்கும் இடையில் கிடைத்த இடம் மேல் அறை ஆயிற்று. கெல்ஸிலும் க்ளென்டலாக்கிலும் இதே உத்தியைப் பார்க்கலாம்.

இனி இரண்டாம் வகை. 1139-ஐ ஒட்டி ரோமுக்குப் போன வழியில் அர்மாவின் முன்னாள் பேராயர் மலாக்கி பிரான்சின் கிளேர்வோ மடத்தில் தங்கினார். அங்கே மடாதிபதி பெர்னார்டின் கீழ் சிஸ்டர்சியன் என்ற சபையின் துறவிகள் வாழ்ந்த கட்டுப்பாடான வாழ்க்கை அவரை ஈர்த்தது. கூட வந்தவர்களில் சிலரைப் பயிற்சிக்காக அங்கேயே விட்டுவந்தார். 1142-ல் அவர்களும் சில பிரெஞ்சுத் துறவிகளும் சேர்ந்து, ட்ரோஹெடாவுக்கு அருகே மாட்டக் ஆற்றங்கரையில் அயர்லாந்தின் முதல் சிஸ்டர்சியன் மடத்தைத் தொடங்கினார்கள். நிலம் கொடுத்தவர் ஆர்கியல்லா அரசர் டொன்னக்கா ஓ கேரல். மடத்தின் பெயர் மெல்லிஃபான்ட். லத்தீனில் தேன் ஊற்று. அதே காலத்தில் அதே அரசரின் ஆதரவோடு லௌத் கிராமத்தில் அகுஸ்தீன் விதியைப் பின்பற்றிய குருக்களுக்கும் ஒரு மடம் எழுந்தது. மொக்டாவின் வீட்டுக்கு அருகே நிற்கும் நீண்ட இடிந்த ஆலயம் அந்த மடத்தோடு தொடர்புடையது. மொக்டாவின் பழைய மடம், அதன் மேல் புதிய சபை. பல ஊர்களில் நடந்த மாற்றம் இங்கே ஒரே வயலில் தெரிகிறது.

மெல்லிஃபான்டில் நீங்கள் காணப்போவதில் பெரும்பகுதி முழங்கால் உயரச் சுவர்கள்தான். 1950-களின் அகழாய்வில் வெளிப்பட்டவை. அதனால் தரைப்படத்தைத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் கல் வரிசைகளைத் தவிர வேறெதுவும் புரியாது. சிஸ்டர்சியன் மடங்கள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஆலயம் வடக்கே, அதன் தெற்குப் பக்கம் சதுர உள்முற்றம், நாற்புறமும் தாழ்வாரம். ஆலயம் வடகாற்றை மறைக்க, முற்றத்துக்குக் குளிர்காலத்திலும் வெயில் கிடைக்கும். கிழக்குப் பக்கம் அவைக்கூடம். துறவிகள் நாள்தோறும் கூடி விதியில் ஒரு பகுதியைப் படித்து, குற்றங்களை ஒப்புக்கொண்ட இடம். அதற்கு மேல்மாடி உறங்கும் கூடம். நள்ளிரவு வழிபாட்டுக்கு அங்கிருந்து நேரே ஆலயத்துக்குள் இறங்கப் படிக்கட்டு. தெற்கே உணவுக்கூடம். மேற்குப் பக்கம் உழைப்புச் சகோதரர்களுக்கு. இந்தச் சகோதரர்கள் துறவு வாக்குறுதி எடுத்தவர்கள்தான், ஆனால் பாடற்கடமை குறைவு, வயல்வேலை அதிகம். 1170-ஐ ஒட்டி மெல்லிஃபான்டில் 100 துறவிகளும் 300 உழைப்புச் சகோதரர்களும் இருந்ததாக மரபு.

அங்கே நிமிர்ந்து நிற்கும் எண்கோணக் கட்டடம்தான் எல்லாப் படங்களிலும் வருவது. 1200-ஐ ஒட்டிக் கட்டிய கைகழுவும் மண்டபம். எட்டுப் பக்கங்களில் பாதிதான் மிச்சம். உணவுக்கூட வாசலுக்கு நேரெதிரே அது நிற்பதைக் கவனித்தால் பயன் விளங்கும்: வயலிலிருந்து வருகிறவர் கைகழுவிவிட்டே சாப்பாட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர் குழாய் வழியாக நடுத்தொட்டிக்கு ஏறியது. எளிமையைப் போற்றிய சபை, கைகழுவும் இடத்துக்கு இவ்வளவு அழகான வளைவுகளைச் செய்து வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இதைப் பன்றிக்கொட்டிலாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆலயத்தின் அடிச்சுவர்களில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். குறுக்குக் கைகளில் கிழக்கு நோக்கி இருந்த சிறு பீட அறைகளில் சில அரைவட்டமாகவும் சில சதுரமாகவும் அடையாளம் தெரியும். அதற்கு முன் அயர்லாந்தில் இல்லாத பிரெஞ்சுக் கைவண்ணம் இது. கட்டட வேலைக்காகவே ராபர்ட் என்ற துறவியைப் பெர்னார்டு கிளேர்வோவிலிருந்து அனுப்பியிருந்தார். இரண்டாவது, மேற்குக் கோடியில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை. சிஸ்டர்சியன் ஆலயங்களில் நிலவறை அரிது. தரை அங்கே சரிவதால் ஆலயத் தளத்தைச் சமப்படுத்த அதைக் கட்ட வேண்டியிருந்தது. பழைய ஐரிஷ் மடம் நிலத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்தது; புதிய சபை தன் அச்சுக்கு ஏற்ப நிலத்தை மாற்றியது.

1157-ல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டபோது அரசர்கள் போட்டி போட்டுக் கொடுத்தார்கள். உயர் அரசர் மூர்கெர்டாக் மக்லாக்லின் பசுக்களும் 60 அவுன்ஸ் பொன்னும் தந்தார். ஓ கேரல் 60 அவுன்ஸ். ப்ரெஃப்னி அரசர் டிகெர்னான் ஓ ரூர்க்கின் மனைவி டெர்வோர்கில்லாவும் 60 அவுன்ஸ், கூடவே மரியாளின் பீடத்துக்குப் பொன் கிண்ணம், மற்ற ஒன்பது பீடங்களுக்குத் துணிகள். 1152-ல் அவளை லென்ஸ்டர் அரசன் டெர்மட் மக்முர்ரோ கவர்ந்து சென்றதுதான் இங்கிலாந்தை ஆண்ட நார்மானியர் அயர்லாந்துக்குள் வரக் காரணம் என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும். அது மிகைப்படுத்தல். பிற்பாடு நார்மானியரை உதவிக்கு அழைத்த டெர்மட், நாட்டை விட்டுத் துரத்தப்பட்டது 14 ஆண்டு கழித்து, வேறு பல கணக்குகளும் சேர்ந்த பிறகு. அவள் கடைசியில் மெல்லிஃபான்டிலேயே தங்கி 1193-ல் இறந்தாள்.

சரிவும் உள்ளிருந்தே வந்தது. மெல்லிஃபான்ட் பெற்ற மகள்மடங்கள் நாடெங்கும் பரவின: 1147-ல் பெக்டிவ், 1148-ல் பால்டின்கிளாஸ், பிறகு பாய்ல், நியூரி இன்னும் பல. நார்மானியர் வந்தபின் அவர்கள் தொடங்கிய மடங்கள் இங்கிலாந்தோடு ஒட்டிக்கொண்டன, மெல்லிஃபான்ட் குடும்பமோ ஐரிஷ் பேச்சோடும் ஐரிஷ் வழக்கத்தோடும் தனியே போயிற்று. 1216-ல் சபைத் தலைமையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களை வாசலிலேயே தடுத்தார்கள். ‘மெல்லிஃபான்ட் சதி’ என்று பெயர் பெற்ற இந்தப் பூசலைத் தீர்க்க 1228-ல் ஆங்கிலேய மடாதிபதி லெக்சிங்டனின் ஸ்டீஃபன் வந்தார். மகள்மடங்கள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு இங்கிலாந்து, வேல்ஸ், பிரான்ஸ் மடங்களின் கீழ் வைக்கப்பட்டன. லத்தீனிலோ பிரெஞ்சிலோ பாவசங்கீர்த்தனம் சொல்லத் தெரியாதவரைத் துறவியாகச் சேர்க்கக் கூடாது என்றும் உத்தரவு. பழைய உறவுமுறை 1274-ல்தான் திரும்பியது. ஒழுக்கக் குலைவு என்று அன்றைய ஆவணங்கள் எழுதுகின்றன. எழுதியவர்கள் ஒரே தரப்பு என்பதை மறக்க வேண்டாம்.

மடத்தின் நிலங்களை ‘க்ரேஞ்ச்’ என்ற பண்ணைகளாகப் பிரித்து உழைப்புச் சகோதரர்கள் நடத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் ‘க்ரேஞ்ச்’ என்று முடியும் ஊர்ப்பெயர் கண்டால் அங்கே ஒரு மடத்துப் பண்ணை இருந்திருக்கலாம். 5,000 ஆண்டுப் பழமையான நியூக்ரேஞ்ச் கல்லறைக்கும் பெயர் இப்படித்தான் வந்தது. அது நின்ற நிலம் மெல்லிஃபான்டின் ‘புதிய பண்ணை’.

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1539-ல் மடம் மூடப்பட்டது. அப்போது அயர்லாந்தின் சிஸ்டர்சியன் மடங்களில் டப்ளின் செயின்ட் மேரிஸுக்கு அடுத்த செல்வம் இங்கேதான். பிறகு மூர் குடும்பத்தின் கோட்டை வீடாயிற்று. 1603 மார்ச் 30 அன்று வட மாகாணமான அல்ஸ்டரின் தலைவர் ஹியூ ஓ நீல், ஆங்கிலப் படைத்தலைவர் மவுன்ட்ஜாய் பிரபுவிடம் சரணடைந்தது இங்கே. எலிசபெத் அரசி ஆறு நாள் முன்பே இறந்துவிட்டார், அது மவுன்ட்ஜாய்க்குத் தெரியும். ஓ நீலுக்குத் தெரியாது. சிஸ்டர்சியன்கள் 1938-ல் தங்கள் மவுன்ட் மெல்லரே மடத்திலிருந்து வந்து சில கிலோமீட்டர் தள்ளி கொலனில் புதிய மெல்லிஃபான்டைத் தொடங்கினார்கள். வரைபடத்தில் இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டு இடிபாட்டைத் தேடி கொலனுக்குப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் போக வேண்டியது டல்லிஆலன் பக்கம் இருக்கும் ‘ஓல்டு’ மெல்லிஃபான்ட்.

மூன்றாம் வகைத் துறவிகளுக்கு நிலமும் பண்ணையும் வேண்டாம். கேட்க மக்களும் கொடுக்கக் கைகளும் வேண்டும். ஆகவே நகரம். டொமினிக்கன் சபை அயர்லாந்துக்கு வந்ததே 1224-ல். அதே ஆண்டில் அர்மா பேராயர் லூக் நெட்டர்வில் ட்ரோஹெடாவில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். இன்று மிஞ்சியிருப்பது மேக்டலின் கோபுரம் மட்டும், வடக்கு மதில் ஓரத்து மேட்டில். அது தெருவில் தனியாக நிற்பதால் காவல் கோபுரம் என்று தோன்றும். கீழே உள்ள கூர் வளைவைப் பாருங்கள். அதன் வழியாகத்தான் மக்கள் நின்ற நீண்ட கூடத்திலிருந்து துறவிகள் பாடும் பகுதிக்குப் போனார்கள். இந்தச் சபைகளின் ஆலயம் நீளமாக, ஒடுங்கி இருக்கும். இரண்டு பகுதிக்கும் நடுவே ஒல்லியான கோபுரத்தைப் பெரும்பாலும் பிற்காலத்தில் செருகுவார்கள். ஆலயம் போய்க் கோபுரம் மட்டும் ஏன் நிற்கிறது என்றால், அதைத் தாங்க இரண்டு குறுக்குச் சுவர்கள் தடிமனாகக் கட்டப்பட்டவை. கல் திருடுகிறவர்கள் நீண்ட மெல்லிய சுவரை உருவிவிட்டு, தலையில் விழக்கூடியதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். 1395-ல் அல்ஸ்டரின் நியால் ஓக் ஓ நீல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டிடம் அடிபணிந்தது இந்த மடத்தில்.

இதே நகரத்தின் ‘ஓல்டு அபே’, அதாவது செயின்ட் மேரி டி உர்சோ, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உர்சஸ் டி ஸ்வெமெலே என்பவர் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்குமாகத் தொடங்கிய விடுதி. சிலுவைச் சின்னம் அணிந்த சகோதரர்கள் நடத்தினார்கள். அதன் கோபுரம் ஒரு சந்தின் மேலே கால் விரித்து நிற்கிறது. ஆர்டீயிலும் டன்டாக்கிலும் இதே வகை விடுதிகள் இருந்தன. ட்ரோஹெடா 1412 வரை பாயின் ஆற்றின் இருகரையிலும் இரண்டு தனி நகரங்கள். இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை மடங்கள் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெண் துறவிகளைத் தேடுகிறீர்கள் என்றால், கத்தோலிக்கருக்கு எதிரான தடைச் சட்டங்கள் இருந்த காலத்திலேயே, 1722-ல், டொமினிக்கன் சகோதரிகள் இங்கே சியன்னா கன்னியர் மடத்தைத் தொடங்கியதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1681-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட பேராயர் ஆலிவர் பிளன்கெட்டின் தலையை 1921 வரை அவர்கள்தான் பாதுகாத்தார்கள். இப்போது அது செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்தில்.

கார்லிங்ஃபோர்டின் டொமினிக்கன் மடம் 1305-ஐ ஒட்டியது. மேற்கு முகப்பைப் பாருங்கள்: இரு மூலையிலும் சிறு காவல் மாடங்கள், நடுவே வாசலுக்கு மேல் கல் போட ஏற்ற நீட்டிய மேடை. எல்லையோர ஊரில் ஆலயத்தின் முகப்பே கோட்டை வாசலாக மாறிய கதை அது.

இதையெல்லாம் தரையில் ஒரே பார்வையில் பிரிக்க ஒரு குறுக்கு வழி. வட்டமான கல்லறைத் தோட்டம், உருளைக் கோபுரம், தனிச் சிலுவை என்றால் பழைய ஐரிஷ் மடம். ஊருக்கு வெளியே ஆற்றோரப் பள்ளத்தில் ஆலயத்துக்குத் தெற்கே சதுர முற்றம் என்றால் பெரும்பாலும் சிஸ்டர்சியன். ஊரின் மதிலை ஒட்டி ஒடுங்கிய நீண்ட ஆலயமும் ஒல்லிக் கோபுரமும், முற்றம் அநேகமாக வடக்கே என்றால் இரந்துண்ணும் சபை. அகுஸ்தீன் குருக்களின் மடம்தான் ஏமாற்றும். அது பழைய மடத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், லௌத் கிராமம் போல.

இரண்டு நாளில் முடிக்க: முதல் நாள் டப்ளினிலிருந்து ரயிலில் ட்ரோஹெடா. அங்கிருந்து டாக்சி அல்லது சைக்கிளில் காலையிலேயே மொனாஸ்டர்பாய்ஸ். சுமார் 10 கிலோமீட்டர். கிழக்கு முகத்தை வெயிலில் பார்த்துவிட்டு, சிறு சாலைகள் வழியாக நண்பகலில் மெல்லிஃபான்ட். மாலை ட்ரோஹெடாவில் இரு கோபுரங்கள். இரண்டாம் நாளுக்குக் கார் இல்லாமல் கஷ்டம்: ட்ரொமிஸ்கின், லௌத் கிராமம், டன்டாக்கின் சீடவுன், கடைசியில் கார்லிங்ஃபோர்டு. டிசம்பரில் போனால் மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும், இரண்டாம் நாள் பட்டியலில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மெல்லிஃபான்டின் வழிகாட்டிச் சேவை பருவத்தைப் பொறுத்தது, கிளம்பும் முன் நேரத்தைச் சரிபாருங்கள். எல்லா இடத்திலும் ஈரப் புல், புதைந்த கல்லறைக் கற்கள். தண்ணீர் புகாத காலணி அவசியம். பழைய நாணயம் கிடைக்கும் என்ற ஆசையில் மெட்டல் டிடெக்டரை எடுத்துப் போக வேண்டாம். தொல்லியல் இடங்களில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே அயர்லாந்தில் 1987-ன் சட்டப்படி குற்றம்.